நார்பர்ட்டின் ப்யூக் விற்பனைக்கு

நார்பர்ட் காஸ்மரெக்கிடம் ஒரு சிவப்பு ப்யூக் கார் இருந்தது. 1970-இல் ஃபிளின்ட் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. நார்பர்ட்டும் அதே ஊரில் பிறந்தவர்தான். ஆனால் இரண்டு பேரில் யார் கெடாமல் இருக்கிறார்கள் என்று கேட்டால், அவர் மனைவி லொரேனே வண்டியைத்தான் காட்டுவாள். நார்பர்ட்டுக்கு முழங்கால் இரண்டும் மாற்றியாகிவிட்டது, பற்களில் பாதி பின்னால் வந்தவை. வண்டியிலோ ஒரு திருகுகூட மாறவில்லை. சாவியைத் திருப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும், அந்த வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மனிதர் அதிகம் பேசமாட்டார். தொழிற்சாலையில் முப்பது வருடம் கார்களுக்குக் கதவு மாட்டியவர். அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று நிறுத்தியவர், ஓய்வு பெற்ற பிறகும் மறுபடி ஆரம்பிக்கவில்லை. கல்யாண வீடாக இருந்தாலும் சரி, சாவு வீடாக இருந்தாலும் சரி, ஒரு மூலையில் தட்டும் கையுமாக நின்றுவிட்டு வந்துவிடுவார். ஆனால் ப்யூக்கின் முன்மூடியைத் திறந்துவிட்டால் போதும், கூடவே வாயும் திறந்துகொள்ளும். பிறகு இரண்டையும் மூடவைப்பது பெரும்பாடு.

அந்த வண்டிக்கு அவர் வைத்திருந்த ஆசாரத்தைப் பார்த்தால் மடிசஞ்சிகளே கூசிப்போவார்கள். வானத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேகம் தெரிந்தால் வண்டி வெளியே வராது. உள்ளே யாரும் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்திருப்பார். அதில் துண்டு மட்டும்தான் உட்காரலாம். சாலையில் பனியைக் கரைக்க உப்புக் கொட்ட ஆரம்பித்த அன்றே வண்டி கொட்டகைக்குள் போய், மெத்தென்ற பருத்திப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஹீட்டர் சூட்டில் வசந்தம் வரைக்கும் தூங்கும்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கொட்டகை. ஆகவே லொரேனின் சின்னக் கார் வெளியே பனியில் நின்றது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. குளிர்காலம் முழுக்க விடியும் முன்பே, காது மூடிய தொப்பியோடு போய், கண்ணாடியில் உறைந்திருக்கும் பனிக்கட்டியைக் கரண்டியால் சுரண்டுவாள். நார்பர்ட் சூடான காபியோடு ஜன்னலில் நின்று கையசைப்பார். கையசைக்கும் அளவுக்கு அன்பு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஜனவரியில் லொரேன் சுரண்டும் கரண்டியோடு அப்படியே உள்ளே வந்தாள்.

"நார்ப், ஒண்ணு அதை வித்துடு. இல்ல நீ அந்தப் போர்வைக்குள்ளயே போய்ப் படுத்துக்கோ."

நார்பர்ட் எதிர்த்துப் பேசவில்லை. அட்டை எடுத்தார், பெரிய எழுத்தில் 'விற்பனைக்கு' என்று எழுதினார். கீழே விலை: இரண்டு லட்சம் டாலர்.

எங்கள் பக்கத்தில் அந்த அட்டைக்கு என்ன அர்த்தம் என்று கார்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். கோடையில் புதன்கிழமை சாயங்காலம் ஐஸ்கிரீம் கடைத் திடலில் பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும். பின்னால் மடக்கு நாற்காலிகளில் கிழவர்கள். பாதி வண்டிகளில் 'விற்பனைக்கு' என்று அட்டை இருக்கும். ஒருவருக்கும் விற்கிற உத்தேசம் கிடையாது. வந்து நில்லுங்கள், விலை கேளுங்கள், அந்தச் சாக்கில் வண்டியின் கதையை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அதன் பொருள். அந்த விலை சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. வாங்க வருகிறவரை விரட்டத்தான் நிற்கும்.

வருடாவருடம் பனி விழும்போது நார்பர்ட் உதட்டைப் பிதுக்குவார். "நான் என்ன பண்ணட்டும் லொரேன்? போர்டு வெச்சுப் பாத்துட்டேன். எவனும் வாங்க மாட்டேங்கறான்."

லொரேன் நம்பினாள். புதன்கிழமை அவளுக்குப் பந்து உருட்டும் ஆட்டம் உண்டு. திடல் பக்கமே வந்ததில்லை. ஒரு ஆகஸ்டில்தான் ஆட்டக்கூடத்துக் கூரை ஒழுக ஆரம்பித்து, கதவில் பூட்டுத் தொங்கியது. நாற்காலியும் பின்னல் ஊசியுமாக அவள் கணவனோடு வந்து உட்கார்ந்தாள்.

வெர்னா என்ற பெண்மணி வந்தாள். இந்தியானாவிலிருந்து. ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், ஆண்பிள்ளைச் சிரிப்பு. வீடுகளின் கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் லாரிகள் நிறைய ஓடவிட்டிருந்தாள். நாய் விற்ற காசு குரைக்கவா போகிறது?

"ரெண்டு லட்சமா?" என்றாள். "சரி. எடுத்துக்கறேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆர்வின், நீல டாட்ஜ் வண்டிக்காரர், வாய்க்குக் கொண்டுபோன ஐஸ்கிரீமைப் பாதியில் நிறுத்தினார்.

நார்பர்ட்டுக்கு வேர்த்தது. "மழையில எல்லாம் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டாம? வண்டிதானே?"

"பனியிலகூடவா? உப்பு ரோட்டுல?"

"ஆத்துல மட்டும் விடமாட்டேன், போதுமா?"

அதற்குப் பிறகு நார்பர்ட் செய்தது, அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். தன் வண்டியைத் தானே தூற்றினார்.

"உண்மையச் சொல்லிடறேன் மேடம். இன்ஜின் இதோடது இல்ல. வேற ஏதோ வண்டியில இருந்து கழட்டினது."

ஆர்வின் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவுச் செய்தி கேட்டவர்போல.

"என்ன பேசற நார்ப்?" என்றாள் லொரேன், பின்னலிலிருந்து தலை நிமிராமல். "இன்ஜின்ல இருக்கற நம்பரும் வண்டி நம்பரும் ஒண்ணுன்னு நம்ம கல்யாண நாள் விருந்துல எழுந்து நின்னு சொன்னியே."

"பெயின்ட்டும் ரெண்டு தடவை அடிச்சது..."

"ஐயோ, இல்லம்மா. கம்பெனியில அடிச்ச பெயின்ட்டேதான். இவரு தொடைக்கற துணிக்கு நான் தனியா சோப்பு வெச்சிருக்கேன்."

"அடியில ஒரே துரு!"

"துருவா? இது மழையில நனைஞ்சு நான் பாத்ததே இல்ல. நான்தான் நனைஞ்சிருக்கேன்."

அப்போதுதான் லொரேனின் ஊசி நின்றது. நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"இருக்கற வண்டிக்கு இல்லாத குத்தம் சொல்ற. அப்போ இத்தனை வருஷமா அந்த போர்டு எதுக்கு?"

நார்பர்ட் தரையைப் பார்த்தார். வரிசை முழுக்கத் தரையைத்தான் பார்த்தது. ஆர்வின் நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அப்பிடி இல்ல லொரேன். போர்டுன்னா விக்கறதுக்கு இல்ல. பைத்தியக்காரன்கூட கேக்க மாட்டான்னு பாத்து ஒரு விலை போடுவோம். நம்மகிட்டயே இருக்கணும்னுதான் அந்த விலை. எல்லாரும் அப்பிடித்தான்."

லொரேன் பின்னலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். ப்யூக்கின் கதவைத் திறந்து, வெள்ளைத் துண்டை எடுத்து நார்பர்ட்டின் தோளில் போட்டாள்.

"வெர்னா, வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்க வேணாமா? வாங்க. நானும் வரேன்."

கடை ஜன்னல்கள் அதிர வண்டி கிளம்பிப் போனது. போனது போனதுதான். மேற்கே மேகம் கறுத்தது, மழை கொட்டியது. எல்லாரும் ஐஸ்கிரீம் கடையின் கூரைக்கு அடியில் ஒண்டினார்கள். நார்பர்ட் மட்டும் வண்டிப் போர்வையைப் பிளாஸ்டிக் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றார். முதலில் பெயின்ட்டைத்தான் நினைத்தார். பிறகு, சட்டைக்குள் தண்ணீர் இறங்க இறங்க, காது மூடிய தொப்பியும் கரண்டியும் நினைவுக்கு வந்தன. ஜன்னலில் காபியோடு நின்ற தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

வண்டி திரும்பி வந்தது. சக்கரத்தில் சேறு. ஓட்டிக்கொண்டு வந்தவள் லொரேன்! வெர்னா பக்கத்து இருக்கையில் கோனி தின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக்குள் தொத்திறைச்சியை வைத்து மேலே இறைச்சிக் குழம்பைக் கொட்டித் தரும் பண்டம். சொட்டாமல் அதைத் தின்றவர் ஃபிளின்ட்டில் இன்னும் பிறக்கவில்லை. வெள்ளை இருக்கையில் காசளவுக்குக் குழம்பு சொட்டியிருந்தது.

ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டியதில் லொரேன் முடியெல்லாம் நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நார்பர்ட் அந்தச் சிரிப்பைக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

முதலில் பெயின்ட்டைத் தடவுவாரா, குழம்பைத் துடைப்பாரா என்று கூரைக்கு அடியில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். நார்பர்ட் பையைக் கிழித்துப் போர்வையை உதறி, இறங்கி நின்ற லொரேனின் தலையில் போர்த்தினார்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் வெர்னா. "பெரியவரே, கை குடுங்க. முடிச்சுக்கலாம்."

எங்கள் ஊரில் கை குலுக்கிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. நார்பர்ட் தன் கையைப் பார்த்தார். லொரேன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு லொரேன்," என்றார். "கொட்டகை உனக்கு வேணும்னா குடுத்துடறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

லொரேன் போர்வைக்குள்ளிருந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெர்னா பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கோங்க வெர்னா. விக்கறதுக்கு இல்ல. நானே இன்னிக்குத்தான் ஓட்ட ஆரம்பிச்சிருக்கேன்."

வெர்னா கோபிக்கவில்லை. "போகட்டும்," என்று கையைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். "அந்த நீல டாட்ஜ் என்ன விலை?"

கண் மூடித் திறப்பதற்குள் ஆர்வின் கொட்டும் மழையில் ஓடித் தன் அட்டையைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த நொடி அந்த வரிசையில் ஒரு வண்டியிலும் அட்டை இல்லை.

ப்யூக் கொட்டகையிலேயே இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் விடியும் முன்பே காது மூடிய தொப்பியோடு லொரேனின் கார் கண்ணாடியைச் சுரண்டியவர் நார்பர்ட். சுரண்டி, ஹீட்டரையும் போட்டு வைப்பார். லொரேன் ஜன்னலில் காபியோடு நின்று கையசைத்தாள். குழம்புக் கறை இருக்கையில் அப்படியே இருந்தது. தொடக்கூடாது என்பது அவள் உத்தரவு.

மறு கோடையில் முதல் புதன்கிழமை. திடலில் நார்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். புதிதாக வந்த ஒருவர் காரோட்டி இருக்கையில் இருந்த லொரேனிடம் கேட்டார்:

"ஓடுமா?"

"காலையில கிளம்பக் கொஞ்சம் நேரமாகும். காபி ஊத்தணும்."

"எல்லாம் ஒரிஜினலா?"

"முட்டி ரெண்டும் மாத்தினது. பல்லு பாதி. மத்ததெல்லாம் பொறந்தப்போ வந்ததுதான்."

நார்பர்ட் எழுந்து திரும்பிப் பார்த்தார். அவருடைய பழைய அட்டை நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. 'விற்பனைக்கு.' கீழே அவர் கையெழுத்திலேயே அந்த விலை. ஒரு டாலர்கூடக் குறைக்கப்படவில்லை.

அதை எழுதியவருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போய் இரண்டு கோனி வாங்கிவந்து, துண்டில்லாத பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஒன்றை அவளிடம் நீட்டினார்.