மூன்று விசில், அப்புறம் ஒரு நீள விசில்

கொள்ளேகால் பக்கத்தில் ஒரு கருங்கல் குவாரியில் முப்பது வருஷம் வெடி வைத்தவன் நான். அதனால் மைசூரில் எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்கிற ஆம்பிளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். திரியைப் பற்றவைத்த பிறகுதான் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கிறார்கள். ஒருத்தன் போன தீபாவளிக்கு நேராக எங்கள் வீட்டு முன் சாக்கடைக்குள் ஓடினான். இன்னொருத்தன் வெடிக்காத வெடியைக் குனிந்து ஊதிப் பார்த்தான். அவனுக்கு இடது புருவம் இன்னும் பாதிதான் முளைத்திருக்கிறது.

எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பேச்சு வேறெங்காவது போய்விட்டால், "அப்பா, வெடிக்கு வாங்க" என்பாள். வருகிறேன்.

தீபாவளிக்கு மட்டும், ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும், அதுவும் பச்சைப் பட்டாசு மட்டும் என்று சர்க்கார் சொல்லியிருக்கிறது. பச்சைக் காகிதம் சுற்றியிருந்தால் அது பச்சைப் பட்டாசு என்று எங்கள் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தீபாவளியோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. கிரிக்கெட்டில் ஜெயித்தால் வெடி. தோற்றால், நன்றாகத்தான் ஆடினார்கள் என்று வெடி. எங்கள் வார்டில் ஒரு லீடர் இருக்கிறார். வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி, பின்னால் எப்போதும் ஏழெட்டுப் பேர். அவருக்குக் கட்சியில் ஏதோ ஒரு பதவி கொடுத்தார்கள். அன்றைக்கு வெடி. அதைப் பிடுங்கி வேறு ஒருத்தருக்குக் கொடுத்தார்கள், அந்த ஆள் அடுத்த தெரு, அன்றைக்கு அங்கே வெடி. லீடரின் மாமனார் நெஞ்சு வலி ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். அவர் காரிலிருந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் சரவெடியைக் கொளுத்தினார்கள். மனுஷன் திரும்பவும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் மூளை உள்ளவர் அவர் ஒருத்தர்தான்.

குவாரியில் எத்தனை ஒழுங்கு இருந்தது! குழி போட்டு, தோட்டாவை இறக்கி, திரி விட்டு, மண் போட்டு இறுக்கிய பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்புத் துணியோடு ஆள் நிற்பான். நான் மூன்று விசில் ஊதுவேன். மூன்றாவது விசில் முடிவதற்குள் கல் உடைக்கிறவர்கள், சோறாக்குகிறவர்கள், மேஸ்திரி, அவருடைய எருமை எல்லாம் மறைவுக்குப் போயிருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மந்திரியின் கார் வந்தது. சிவப்புத் துணிக்காரன் நிறுத்திவிட்டான். டிரைவர் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். மந்திரி இறங்கி வந்து, புளியமரத்தின் பின்னால் ஒதுங்கிவிட்டு, எங்களிடம் ஒரு பீடி வாங்கிக் குடித்தார். எந்த ஊர், என்ன சாப்பாடு என்றெல்லாம் விசாரித்தார். பீடிக்கு நெருப்பு கேட்டபோது மட்டும் அவர் கையைப் பிடித்துத் தூரமாக இழுத்துக்கொண்டு போனேன். திரி பக்கத்தில் இருக்கிறது, இவர் பாட்டுக்கு...

"அப்பா, வெடிக்கு வாங்க."

வந்துவிட்டேன். வெடிக்க வெடிக்க எண்ணுவோம். வைத்தது அத்தனையும் வெடித்துவிட்டதென்றால் ஒரே ஒரு நீள விசில். அதற்கு, எல்லாரும் வெளியே வரலாம் என்று அர்த்தம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அரை மணி நேரம் ஒரு பயல் கிட்டப் போகக்கூடாது.

என் வீட்டுக்காரி அதே குவாரியில் ஜல்லி உடைத்தாள். முதல் விசிலுக்குச் சுத்தியலைக் கீழே வைப்பாள். இரண்டாவதுக்கு டீ டம்ளரை எடுப்பாள். மூன்றாவதுக்கு லாரிக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். பாறை பிளக்கிற சத்தத்தில் அவள் கையில் டம்ளர் ஆடி நான் பார்த்ததில்லை. நீள விசில் கேட்டதும் முதலில் வெளியே வருவதும் அவள்தான்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால், பேச்சும் கொஞ்சம் குழறும். எங்கள் ஊர் மார்டள்ளியில் வைத்துப் பார்க்க வசதி இல்லை, மகள் இங்கே மைசூருக்குக் கூட்டி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸம்மா இருக்கிறது, நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். டியூட்டி முடிந்து வந்து காலைப் பிடித்து நீட்டி மடக்கிவிடும். அந்தப் பெண் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னது.

"தாத்தா, தினம் சாயங்காலம் நடக்க வையுங்க. நடந்தா கால் திரும்பும். உக்காந்துட்டாங்கன்னா அவ்வளவுதான், அப்புறம் கட்டில்தான்."

எங்கள் கேட்டிலிருந்து லைட் கம்பம் வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் வெறும் தடியோடு. மாசக்கணக்கில் ஆயிற்று. தனியாகக் கம்பத்தைத் தொட்ட அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். அவள் கம்பத்துக்குப் பாதி வழியில் இருந்தாள். மாடியிலிருந்து எவனோ ஒரு வெடியைக் கொளுத்தித் தெருவில் போட்டான். என்ன விசேஷம் என்று இன்றுவரை தெரியாது. அவள் அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்துவிட்டது. பால்கனியில் யாரோ சிரித்தார்கள். நான் போய்த் தூக்கினேன்.

"ஏனுங்க, விசில் இல்லாம வெடிக்குதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்டைத் தாண்டவில்லை. சாயங்காலம் ஆனால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அப்புறம் உள்ளே போய்விடுவாள். காலில் வீக்கம் வந்துவிட்டது. நர்ஸம்மா அமுக்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

லேஅவுட் சங்கத்துத் தலைவரிடம் போனேன். ரிட்டயர்டு ஆபீசர். வாசலில் நிற்க வைத்தே பேசினார். வெடிக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. வெடிப்பதற்கு முன்னால் மூன்று விசில் ஊதச் சொல்லுங்கள், நானே விசில் தருகிறேன் என்றேன்.

"பட்டாசுக்கு விசிலா? தாத்தா, இது என்ன ரயில்வே ஸ்டேஷனா?" என்று வீட்டுக்குள் பார்த்துச் சிரித்தார். உள்ளேயும் சிரித்தார்கள்.

நர்ஸம்மா எழுதிக் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஒருத்தர் படித்துவிட்டு, "எல்லா ஏரியாலயும் இதே கதைதான், யஜமான்ரே. அம்மாவுக்குக் காதுல பஞ்சு வச்சுடுங்க" என்றார். சரி, அவர் காதில் ஏற்கெனவே வைத்திருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் லீடர். ஓட்டுக் கேட்க வரும்போது மட்டும் அவருக்குத் தமிழ் வரும். அன்றைக்கு வரவில்லை. "நோடோணா, நோடோணா" என்றார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று அர்த்தம். என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதற்குப் பிறகு நான் விசிலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். குவாரியில் ஊதிய அதே விசில். எதற்கு வைத்துக்கொண்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

தெருப் பிள்ளையாரைக் கரைக்கிற நாள் வந்தது. மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. நாலு மணிக்கு டிராக்டரில் பிள்ளையாரை ஏற்றி, முன்னால் பறை மாதிரித் தமட்டை அடிக்கிறவர்கள், அவர்களுக்கு முன்னால் மாலை போட்ட லீடர், பக்கத்தில் பந்தோபஸ்துக்கு ஒரு போலீஸ்காரர். பெரிய சரவெடியைப் பாம்பு மாதிரித் தெரு நீளத்துக்கு விரித்தார்கள். மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் மேலேயே விரித்தார்கள். எங்கள் குவாரியில் எருமைகூட இப்படிச் செய்திருக்காது.

கொளுத்தினார்கள். பாதி வெடித்தது. பள்ளத்துக்கு வந்ததும் அடங்கிவிட்டது. உடனே பாதிப் புருவக்காரன் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் குனிந்தான்.

"டேய், கிட்டப் போகாதே!"

கத்தியது நான்தான். யோசித்துக் கத்தவில்லை, முப்பது வருஷப் பழக்கம். அவன் ஊதுபத்தியைப் போட்டுவிட்டு லீடரின் பின்னால் போய் ஒளிந்தான். தமட்டை நின்றுவிட்டது. நான் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால், திரி தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடக்கிறது. செத்துப்போன வெடி. அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கலாம்.

போலீஸ்காரர் தூரத்திலிருந்தே கேட்டார்: "ஏன் தாத்தா, டேஞ்சரா?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"ரொம்ப டேஞ்சருங்க. உள்ளுக்குள்ள நெருப்பு இருக்கும். அரை மணி நேரம் ஒருத்தரும் அசையக்கூடாது. எங்கயும் வேற வெடி வெடிக்கக்கூடாது, அந்த அதிர்ச்சிக்கே இது கிளம்பிடும். முப்பது வருஷம் குவாரில வெடி வச்சவன் சொல்றனுங்க."

"அரை மணி நேரமா?" என்றார் லீடர். அன்றைக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "கொஞ்சம் சீக்கிரம் ஆகாதா, தாத்தா?"

"ஆகுமுங்க. நீங்க வந்து தொட்டுப் பாருங்க."

அவர் பாதிப் புருவக்காரனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எப்பேர்ப்பட்ட சரவெடியும் முடிந்துபோகும். அத்தனை பேரில் ஒருத்தனுக்கு அது தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

தெரு அமைதியாகிவிட்டது. நான் இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது. விசிலை எடுத்தேன். ஒரே விசில், நீளமாக, மூச்சு இருக்கிற வரைக்கும்.

"இது எதுக்கு?" என்றார் போலீஸ்காரர்.

"ரூல்ஸுங்க."

எங்கள் கேட் திறந்தது. முதலில் தடி வந்தது, அப்புறம் வலது கால், அப்புறம் அந்த இடது கால். அவள் யாரையும் பார்க்கவில்லை. தெரு முழுக்க ஆளும் டிராக்டரும் பிள்ளையாரும் இருந்ததை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கம்பத்தைப் பார்த்து நடந்தாள். ஓர் அடி, நிற்பது, ஓர் அடி.

"அந்தம்மா போறாங்களே, அவங்களுக்கு டேஞ்சர் இல்லையா?" என்றான் பாதிப் புருவக்காரன்.

"அவ குவாரிக்காரி. உன்னாட்டம் கிடையாது. வாயை மூடு."

லீடர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் ஈரம் ஏறியது. தமட்டைக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். என் வீட்டுக்காரி கம்பத்தைத் தொட்டாள். உடனே திரும்பாமல் அதில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஆயித்தா, தாத்தா?" என்று லீடர் கேட்டார். முடிந்ததா என்று கேட்கிறார்.

"இன்னும் பாதிதானுங்க ஆயிருக்கு."

அவள் திரும்பி வந்தாள். போனதைவிட வருவதற்கு அதிக நேரம் ஆனது. எனக்கு அவசரமில்லை, துண்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். வெடித்த காகிதக் குப்பையின் மேல் தடி வழுக்காமல் பார்த்துப் பார்த்து வைத்தாள். கேட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வராந்தா நாற்காலி முனகியது என் காதில் விழுந்தது. அவள் உட்கார்ந்தாயிற்று.

மூன்று விசில் ஊதினேன். செத்த வெடியைக் கையால் அள்ளி, சுருட்டி, லீடரின் மடியில் வைத்தேன்.

"முடிஞ்சதுங்க. இனி நீங்க வெடிச்சுக்குங்க."

வீட்டுக்குள் போனேன். வெளியே வேறு சரவெடியைக் கொளுத்தினார்கள். அவள் கையில் டீ டம்ளர் இருந்தது, ஆடவில்லை.

"ஏனுங்க" என்றாள், "அந்த வெள்ளச் சட்டைக்காரரு எதுக்குங்க ஈரத்துல குந்தியிருந்தாரு?"