ஆறு மணிக்கு நின்ற பஸ்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு செப்டெம்பர் பதினான்காம் திகதி பின்னேரம், லுசேர்ண் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பஸ் வேண்டுமென்றே பிந்திப் புறப்பட்டது. சுவிஸில் பத்து வருடம் இருந்தவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். இங்கே ஒரு ஓட்டுநர், கதவுக்கு வெளியே நின்று கையைக் காட்டும் கிழவிக்குக்கூட நிற்காமல் போவார். நேரம் என்றால் நேரம். அந்த பஸ்ஸுக்குள் நான் இருந்தேன். பிந்தியதற்குக் காரணமும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

எங்கள் வீட்டுப் பிள்ளை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான்.

நான் ஏரிக்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் சமையல்காரன். மகள் உயர்தரப் பள்ளியில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வந்து, வெளிநாட்டு மாணவி ஒருத்தி ஒரு வருடம் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கோ அப்பா."

"எந்த நாட்டுப் பிள்ளை?"

"கொஸ்தாரிக்கா. நடு அமெரிக்கா."

"அது எங்க இருக்கு எண்டாவது எனக்குத் தெரியுமோ?"

"அவவுக்கும் யாழ்ப்பாணம் தெரியாது. சரியாப் போச்சு."

கையெழுத்துப் போட்டேன். ஓகஸ்டில் பிள்ளை வந்தாள். பதினாறு வயது, கறுத்த சுருள் முடி, எங்கள் பிள்ளைகளின் நிறம். விமான நிலையத்தில் எங்களைப் பார்த்ததும் அவளுடைய முகத்தில் ஒரு குழப்பம். பனிமலை, மாடு, மஞ்சள் தலைமுடி அம்மா என்று எதையெதையோ நினைத்துக்கொண்டு ஏறியிருப்பாள். நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கோபம் வந்தது. எனக்குக் கோபம் கெதியில் வரும்.

அந்தக் கோபத்தில் நாங்கள் ஒரு விசர் வேலை செய்தோம். அவள் சுவிஸ் பார்க்க வந்த பிள்ளை, சுவிஸைக் காட்டிவிடுவோம் என்று மனைவி முடிவெடுத்தாள். காலையில் பாண், பட்டர், ஜாம். மத்தியானம் பாஸ்தா. இரவில் சீஸ், உருளைக்கிழங்கு. எங்கள் வீட்டில் கறி மணம் வரக்கூடாது என்று ஜன்னல் எல்லாம் திறப்பு. நானும் மனைவியும், அந்தப் பிள்ளை அறைக்குள் போன பிறகு, குசினியில் நின்றபடி சோறு சாப்பிட்டோம். சொந்த வீட்டில் சோற்றைக் களவாகத் தின்ற ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தாள். பள்ளியில் எவரும் அவளோடு கதைப்பதில்லை என்று மகள் சொன்னாள். சுவிஸ் ஜேர்மன் அவளுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அறைக் கதவு சாத்தியிருக்கும்.

பிறகு, அந்த மாணவர்களை அழைத்துவரும் அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல மரியாதையான மனிசி. மனைவி பொரித்த றோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, பிள்ளை தன் நாட்டுக்கே திரும்ப விரும்புவதாகக் கடிதம் எழுதியிருக்கிறாள் என்றார். ஒரு வழி இருக்கிறதாம். அவளை ஒரு உண்மையான சுவிஸ் குடும்பத்துக்கு மாற்றிப் பார்க்கலாமாம். அடுத்த திங்கட்கிழமை பிள்ளையே தன் முடிவைச் சொல்லட்டும் என்றார்.

உண்மையான குடும்பம். என்னுடைய மகள் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். நான் இந்த ஊர் ஹோட்டலில் இவர்களுக்கு உருளைக்கிழங்கு பொரித்தே முதுகு வளைந்தவன். "நாங்கள் என்ன பிளாஸ்டிக் குடும்பமோ?" என்று ஜேர்மனில் கேட்டேன். மனைவி மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தாள். அந்த மனிசி சிவந்துபோய், அப்படிச் சொல்ல வரவில்லை என்றார். சொல்ல வரவில்லைதான். ஆனால் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே தீர்மானித்தேன். இந்தப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அன்பு ஒன்றுமில்லை, வீம்பு. அன்பு பிறகுதான் வந்தது.

அந்த வாரம் ஒரு நாள் மத்தியான வேலை முடிந்து வந்து சாய்ந்திருந்தேன். தொலைபேசி அடித்தது. எதிர்க் கட்டடத்தில் இருக்கும் ஊர் அண்ணை ஒருவர்.

"தம்பி, உன்ர பல்கனியில என்ன வெசாக் கூடு தொங்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெசாக் கூடு என்பது பௌத்தர்கள் மே மாதத்தில் கட்டும் காகித விளக்கு. தெற்கே அது அழகான கொண்டாட்டமாக இருக்கலாம். எங்கள் ஊரில் நாங்கள் அதைப் பார்த்தது ஆமி முகாம் வாசலில், சோதனைச் சாவடியில், மண்மூட்டைகளுக்கு மேலே. அதைப் பார்த்தால் எங்கள் வயதுக்காரருக்கு அடையாள அட்டையை எடுக்கக் கை தானாகப் பொக்கெற்றுக்குப் போகும்.

"அண்ணை, வெசாக் மே மாசம். இது செப்டெம்பர்."

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஏன் தொங்குது?"

பல்கனிக்குப் போய்ப் பார்த்தேன். உண்மையாகவே தொங்கியது. காட்போட் மட்டையில் செய்த ஒரு சின்ன வீடு. ஜன்னல்களில் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடித் தாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை பசைக் கையோடு நின்றாள். ஒரு மாதத்தில் முதன்முதலாக அவளுடைய முகத்தில் வெளிச்சம்.

"வெளிநாட்டுப் பிள்ளை செய்தது அண்ணை," என்றேன்.

"வெளிநாட்டுப் பிள்ளையோ? அப்ப நாங்கள் ஆர்?"

மனிசன் வைத்துவிட்டார்.

மகளைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்கச் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு மாதமாக வாய் திறக்காத பிள்ளை மூன்று மொழியைக் கலந்து கொட்டத் தொடங்கினாள். மகள் மொழிபெயர்க்க முடியாமல் மூச்சு வாங்கினாள்.

செப்டெம்பர் பதினைந்து அவர்களுடைய சுதந்திர தினம். முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு முழு நாடும் நின்றுவிடுமாம். கடையில் நிற்பவன் கடையில், பஸ்ஸில் போகிறவன் பஸ்ஸில். றேடியோவில் தேசிய கீதம் போகும், எல்லோரும் எழும்பி நின்று பாடுவார்கள். பிறகு பிள்ளைகள் தாங்களே செய்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவார்கள். அவளுடைய பள்ளியில் திங்கட்கிழமைகளில் முற்றத்தில் வரிசை. சப்பாத்துக் கறுப்பாக இல்லையென்றால் ஆசிரியை வீட்டுக்கு அனுப்பிவிடுவா. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் கொடி பிடிக்கக் கிடைக்கும். இவள் படிப்பில் நடுத்தரம், அதனால் மேளம். மேளம் அடித்து அடித்து விரலில் காய்த்த இடத்தைக் காட்டினாள். இன்னொன்றும் சொன்னாள். சுதந்திரச் சுடர் பக்கத்து நாடுகளிலிருந்து வருமாம். பள்ளிப் பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றி, எல்லைகளைத் தாண்டி, ஓடியே கொண்டுவருவார்களாம். போன வருடம் இவளும் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரைக்கும் ஓடியிருக்கிறாள்.

"ஊர்வலத்தில ஆமி எந்தப் பக்கத்தால போகும் எண்டு கேள்," என்றேன்.

மகள் கேட்டாள். பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஆமி இல்லையாம் அப்பா."

"ஊர்வலத்திலயோ?"

"நாட்டிலயே இல்லையாம். எப்பவோ கலைச்சுப்போட்டினமாம். பள்ளிக்கூடப் பிள்ளையள்தான் அணிவகுத்துப் போறவையாம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். சுதந்திர தினம் என்றால் எனக்குத் தெரிந்தது மூடிய கடைகளும், துவக்குத் தூக்கிய ஆமியும், வீட்டுக்குள்ளே இரு என்று கத்தும் அம்மாவும். ஆமி இல்லாத சுதந்திர தினம் ஒன்றை இந்தப் பிள்ளை மேளம் அடித்துக் கொண்டாடியிருக்கிறாள்.

கடைசியாக, அன்றைக்குப் பள்ளியில் என்ன சாப்பாடு என்று மனைவி கேட்டாள். சோறும் அவரைக்கொட்டையும் என்றாள் பிள்ளை. அன்றைக்கு மட்டுமல்ல, தினமும். காலையிலும்.

மனைவி தலையில் கை வைத்தாள். "அட கடவுளே! ஒரு மாசமா இந்தப் பிள்ளைக்குப் பாணைத் தீத்திக்கொண்டிருக்கிறனே!"

அன்று இரவு சோறும், அவரைக்கொட்டைக்குப் பதிலாகக் கௌபிப் பயற்றுக் கறியும். பிள்ளை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். நாங்களும் மேசையில் இருந்து, கையால் சாப்பிட்டோம்.

பதினான்காம் திகதி அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னேன். ஆறு மணிக்கு அங்கே நின்று பாடுவது, இருட்டிய பிறகு விளக்கைக் கொளுத்திக் கரையோரம் நடப்பது. அங்கே ஆறு மணி என்றால் இங்கே சாமமல்லவா என்று மகள் கேட்டாள். நீ நிற்கிற இடத்து மணிக்கூட்டில் ஆறு என்று பிள்ளையின் ஊர் ஆசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறாவாம்.

இரவு வேலையை ஒரு போர்த்துக்கேயனோடு மாற்றினேன். ஆனால் மத்தியானம் ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் வந்து மாட்டியது. வீட்டுக்கு ஓடி, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறும்போதே ஆறுக்குக் கிட்ட. வேலை முடிந்து போகிற சனம் நிறைந்திருந்தது. பிள்ளை வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து. மடியில் அந்தக் காட்போட் வீடு. கண் மணிக்கூட்டில்.

"பஸ்ஸில பாட விட்டிடாதேங்கோ அப்பா, ப்ளீஸ்," என்று மகள் என் காதுக்குள் சொன்னாள். "என்ர வகுப்புப் பெடியன் ஒருத்தன் பின்னால இருக்கிறான்."

மகளைக் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் சத்தம் போடாதே, தமிழில் உரத்துக் கதைக்காதே என்று அவளைச் சின்னனில் இருந்து அடக்கி வளர்த்தவன் நான்தான்.

ரயில் நிலையத்துத் தரிப்பில் பஸ் நின்று கதவு திறந்தது. அந்த நேரம் பார்த்துத் தேவாலய மணி ஆறு அடிக்கத் தொடங்கியது. பிள்ளை எழும்பவில்லை. சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் கைத்தொலைபேசிக்குள் குனிந்திருந்தார்கள். விளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். கண்ணீர் கண்ணாடித் தாளில் விழுந்தது.

நான் எழும்பி நின்றேன்.

யோசித்து நிற்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பின்னேரம், ஆறு மணி கடந்ததும், ஒரு மண்டபத்தில் மணி ஒலிக்கும். நாங்கள் எழும்பி நின்று விளக்கேற்றுவோம். நான் ஏற்றுவது போரில் செத்த என் தம்பிக்கு. பின்னேரத்தில் மணி அடித்தால் இந்த உடம்பு தானாக எழும்பும்.

"எழும்பு பிள்ளை," என்றேன், தமிழில்தான். விளங்கியது. எழும்பினாள். பாடத் தொடங்கினாள்.

முதலில் குரல் நடுங்கியது. சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு மனிசன் "என்ன நடக்குது?" என்று எரிச்சலோடு கேட்டான். ஓட்டுநர், நரைத்த கட்டை முடிப் பெண், கண்ணாடியில் என்னைப் பார்த்து அதையே கேட்டா.

"இந்தப் பிள்ளையின் நாட்டுக் கீதம்," என்று ஜேர்மனில் சொன்னேன். "அங்கே இந்த நேரம் பஸ்ஸும் நிற்கும்."

அவ மணிக்கூட்டைப் பார்த்தா. புறப்படும் நேரம் தாண்டியிருந்தது. கதவை மூடப் போகிறா என்று நினைத்தேன். அவ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தா. ஒலிபெருக்கியில், "நாங்கள் கொஞ்சம் பொறுப்போம்," என்றா. அவ்வளவுதான். காரணமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

பிள்ளையின் குரல் நிமிர்ந்தது. பாதியில், எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழும்பியது தெரிந்தது. என் மகள். முகமெல்லாம் சிவந்து, ஆனால் நின்றாள். பின்னால் இருந்த அந்தப் பெடியனும் காதுக்குள் இருந்ததைக் கழற்றினான்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. அது சுவிஸ். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டா. பிள்ளை தலையாட்டினாள். கதவு மூடியது, பஸ் பாலத்தில் ஏறியது.

இருட்டிய பிறகு விளக்கைக் கொளுத்தி ஏரிக்கரையில் நடந்தோம். மூன்று பேர், ஒரு விளக்கு. அதைவிடச் சிறிய ஊர்வலம் உலகத்தில் நடந்திருக்காது. பிள்ளை வாயால் மேளம் அடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

திங்கட்கிழமை அந்த அமைப்புப் பெண் தொலைபேசியில் கேட்டபோது, பிள்ளை தனக்குத் தெரிந்த ஜேர்மனில், "நான் இங்கேயே இருக்கிறேன். இங்கே சோறு இருக்கிறது," என்றாள். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வருடம் முடிந்து அவள் போய்விட்டாள். அந்தக் காட்போட் வீடு எங்கள் பல்கனியில் இன்னும் இருக்கிறது, மழையில் ஒரு சுவர் ஊதிப்போய். அவளுடைய அறையில் இப்போது துணி காயப் போடுகிறோம். ஒவ்வொரு செப்டெம்பரிலும் அவளுடைய பள்ளி ஊர்வலத்தை மகளுக்கு வீடியோவில் அனுப்புவாள். அன்று ஆறு மணிக்கு நான் ஹோட்டல் அடுப்படியில் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் நிற்பேன். புதிதாக வந்த தலைமைச் சமையல்காரன் ஒருமுறை என்னவென்று கத்தினான். சொன்னேன். இப்போது கத்துவதில்லை. இறந்தவர்களுக்காக எழும்பி நிற்க மட்டுமே பழகியிருந்த என்னை, உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்காகவும் எழும்பி நிற்க வைத்தது அந்த பஸ்தான். எந்த பஸ் பிந்தினாலும் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை.