ஒன்பது ஊரில் சொன்ன ஒரே பாவம்

இந்த வலைப்பூவை விடாமல் வாசிக்கும் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். "ஏன் சார், எல்லாப் பயணமும் சனிக்கிழமையிலேயே போறீங்க? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல என்ன பண்ணுனீங்கன்னு எழுதவே மாட்டேங்கறீங்களே?" சனிக்கிழமை லீவு, சாயங்காலம் களைப்பு என்று சமாளித்து வந்தேன். பொய். சனிக்கிழமை சாயங்காலம்தான் கோவில்களில் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கத்தோலிக்கன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொன்னால், இயேசுவின் பெயரால் அவர் பாவப்பொறுத்தல் தருவார். அதோடு விஷயம் முடிந்தது என்பது எங்கள் விசுவாசம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் எனக்குச் சேலத்தில் கோவிலுக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் ஊர்க் கோவிலின் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பவர், என் இருமலைக்கூட அடையாளம் கண்டுபிடிப்பார். அதனால் என் குரல் தெரியாத ஊராகத் தேடிப் பஸ் ஏறினேன். ஏற்காடு, மேட்டூர், ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி என்று எட்டு வருடத்தில் எட்டு ஊர். எட்டிலும் சொன்னது ஒரே பாவம். மேட்டூர் மீன் வறுவலைப் புகழ்ந்து ஒரு பதிவு போட்டேனே, நினைவிருக்கிறதா? அன்று அந்த மீனின் ருசி எனக்கு ஏறவே இல்லை. எழுதியதெல்லாம் கற்பனை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பாவம் இதுதான். அப்போது நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வண்டி டெலிவரி. வெல்டர் சண்முகம் பின்கதவின் கீலுக்குப் பிடிப்புக்காக இரண்டு பொட்டு வெல்டிங் மட்டும் வைத்துவிட்டு, முழுதாக வைக்கப் போகும் நேரத்தில் நான்தான் அவரை வேறு வேலைக்கு அனுப்பினேன். "அதை நான் பாத்துக்கறேன், நீ போப்பா" என்றேன். பார்க்கவில்லை. சேலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், சோதித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கதவில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். முதல் நடையிலேயே கதவு கழன்று விழுந்தது. கீழே ஆள் இல்லை, கடவுள் புண்ணியம்.

பட்டறை முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துக் கத்தினார். சண்முகம் வாய் திறக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கவில்லை. பாவம் தீராதவன் அதைத் தொடக் கூடாது, எத்தனை ஊரில் சொன்னாலும் என் பாவம் தீர்ந்தது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் போகும்போது, நான் பெஞ்சிலேயே முழங்காலை ஒதுக்கி உட்கார்ந்து வழிவிடுவேன். ஏன் என்று மனைவி ஸ்டெல்லா கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன். எட்டு வருடம் வயிறு சரியில்லாதவன் ஞாயிறு மதியம் பிரியாணியை இரண்டு தட்டு காலி செய்வதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்பதாவது ஊர் ராசிபுரம் பக்கம், ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில்தான், போன மாதம். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் முழங்கால் போட்டுப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடம் முன்பு ஆத்தூர்ப் பக்கம் கேட்ட அதே செருமல்! சாமியார்களுக்கு மாற்றல் உண்டு என்பது என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். நான் பாதியிலேயே நிறுத்தியதும் அவரே கேட்டார்.

"இதை இதுக்கு முன்னாடி சொல்லியிருக்கீங்களா?"

"எட்டுத் தடவை, ஃபாதர். ஒரு தடவை உங்ககிட்டயே."

"பாவசங்கீர்த்தனத்துல முன்ன கேட்டதை நானாப் பேசக் கூடாது, நீங்க அனுமதி தரணும். பேசலாமா?"

"பேசுங்க ஃபாதர்."

"இயேசு நம்ம பாவத்துக்காகச் சிலுவையில ஒரு தடவைதான் செத்தாரு. உங்களுக்காக மட்டும் ஒன்பது தடவை சாகணுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் விடவில்லை. "கடவுள்கிட்ட ஒன்பது தடவை சொல்லிட்டீங்க. அந்த வெல்டர்கிட்ட எத்தனை தடவை சொன்னீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப அதுதான் உங்களுக்கு அபராதம், அவரைப் போய்ப் பாருங்க. ஆனா ஒண்ணு. மன்னிப்புக் கிடைக்குமான்னு பாக்கப் போகாதீங்க. மன்னிப்புக் கிடைச்ச ஆளா போங்க. அவர் வெரட்டி அடிச்சாலும் உங்க பாவம் திரும்ப வராது. இந்தப் பாவத்தை இனிமே எந்த ஊர்லயும் போய்ச் சொல்லக் கூடாது, சரியா?"

அடுத்த சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். இனி வழக்கமான பயண விவரம். காலை 6.10க்கு எங்கள் ஊரில் டவுன் பஸ், பத்து ரூபாய். ஏழு மணிக்குச் சேலம் புது பஸ் நிலையத்தில் நாமக்கல் வண்டி. ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். இடது பக்க ஜன்னல் கேளுங்கள், ராசிபுரம் தாண்டியதும் கொல்லிமலை கூடவே வரும். அன்று மலை முழுக்க வெயில் விழுந்து, பார்க்கவே அவ்வளவு அழகு. ஒன்பது ஊருக்குப் போனபோதும் நான் வெளியே பார்க்கவில்லை, மடியில் இருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

8.20க்கு நாமக்கல். பஸ் நிலையம் இப்போது ஊருக்கு வெளியே முதலைப்பட்டியில் இருக்கிறது, பழைய இடம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். இரண்டு டீ குடித்தேன். இரண்டாவது டீ சேலத்துக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்காக. 9.05க்கு மோகனூர் பஸ், பதினெட்டு ரூபாய். சண்முகத்தின் முகவரி ஆறு வருடமாக என் ஃபோனில் இருக்கிறது, பழைய பட்டறை நண்பர் அனுப்பியது. சண்முகம் வீட்டுக்குப் போகிறேன், மோகனூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

"கோழிக் கூண்டுக்கு ஸ்டாண்டு அடிக்கறாருங்களே, அந்தச் சண்முகமுங்களா?"

"ஆமாங்க, அவர்தான்."

"நேரா நடந்தா ஒன்றரை கிலோமீட்டருங்க. கடைசி ஊடு. நல்ல மனுசனுங்க, ஆனா கோவம் வந்துச்சுன்னா பொல்லாதவருங்க."

ரொம்ப நன்றி கண்டக்டர் அண்ணா, இதைக் கேட்கத்தான் சேலத்திலிருந்து வந்தேன்.

சண்முகம் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏனுங், சூப்பர்வைசருங்களா? வாங்க, வாங்க." அவருடைய மனைவி சாந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்தால் பேச்சு வராது என்று, நின்றபடியே சொல்லிவிட்டேன். கீல், நான் அனுப்பியது, சாக்பீஸ், முதலாளி முன்னால் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். "தப்பு முழுக்க என்னுது. உங்க பேரைக் கெடுத்தது நான்" என்றேன்.

சண்முகம் வெல்டிங் மெஷினை அணைத்தார். "ரெண்டு வருசம் உங்களைத் திட்டாம நான் சோறு உண்டதில்லீங்க. அப்பறம் வேலை சாஸ்தியாயிருச்சு, திட்ட நேரமில்லீங்க" என்றார். "மன்னிச்சுட்டேன்னெல்லாம் எனக்குச் சொல்ல வராதுங்க. அதுவா வந்தாச் சொல்றேன்."

எட்டு வருடமாக எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ, அதை அவர் சொல்லிவிட்டார். நம்பினால் நம்புங்கள், நான் கீழே விழவில்லை. சாமியார் சொன்னது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. என் பாவப்பொறுத்தல் சண்முகத்தின் கையில் இல்லை, என் பயத்தின் கையிலும் இல்லை. அதைக் கடவுள் கொடுத்து எட்டு வருடம் ஆகிறது. நான்தான் வாங்கிக்கொள்ளாமல் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன், முட்டாள்! அந்தக் கொட்டகையில் நின்று எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சாந்தியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஏனென்றால் சாந்திக்குக் கோபம் தீரவில்லை. "அந்த வருசம் பொங்கலுக்கு எங்கண்ணன் ஊட்டுக்குக்கூட நாங்க போகலீங்க. எம்பட ஊட்டுக்காரருக்கு வேலை தெரியாதுன்னு ஊரெல்லாம் பேசுனாங்க. எங்ககிட்டச் சொன்னாப் போதுமுங்களா? உங்க மொதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப இப்பவே போடுங்க போனை. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். முதலாளி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடவுளே, ஒன்பது பாவசங்கீர்த்தனத்தையும் சேர்த்தாலும் அவ்வளவு வியர்த்திருக்காது. அவர் என்னை நன்றாக, சுத்தமான நாமக்கல் தமிழில், அரை நிமிடம் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது. பிறகு, "சண்முகம் பக்கத்துல இருக்கறானா? சண்முகம், உன்னைய விசாரிக்காம அனுப்பிச்சுட்டனப்பா. எம்மேல தப்பு. அன்னிக்கு இருந்த ஆளுக எல்லார்த்துகிட்டயும் நானே சொல்லிப்போடறேன்" என்றார். சண்முகம் "சரீங்க" என்று மட்டும் சொன்னார். சாந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் சாந்தி இலை போட்டுவிட்டார். "உண்டுட்டுத்தானுங்க போகோணும்." கோழிக் குழம்பு, அதில் இரண்டு அவித்த முட்டை. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கறியும் முட்டையும் தொடமாட்டோம். அன்று தொட்டேன். இந்தக் குழம்பின் ருசியை நான் கற்பனையில் எழுதவில்லை, சத்தியமாக நாக்கில் ஏறியது. நாலு தடவை சோறு வாங்கினேன்.

கிளம்பும்போது சண்முகம் ஒரு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். "இருவத்தி நாலு ஸ்டாண்டு இன்னிக்குப் போகோணுமுங்க. பாத்து டிக் போட்டுட்டுப் போங்க." விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் தட்டித் தட்டிக் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்தொன்பதாவது ஸ்டாண்டில் மூன்றாவது மூலை, சத்தம் வேறு மாதிரி வந்தது. குனிந்து பார்த்தால் இரண்டே பொட்டு.

"சண்முகம், இது முழுசா வைக்கலையே!"

அவர் சிரித்த சிரிப்பில் சாந்தியே எட்டிப் பார்த்துவிட்டார். "நீங்க வந்தப்ப பாதியில எந்திரிச்சனுங்க. பாத்துருவீங்களான்னு அப்படியே உட்டு வெச்சேன்." கண்ணாடியை இறக்கி அந்த மூலையை முழுதாக வைத்தார். மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, கடைசி டிக்கைப் போட்டேன். "இப்ப வந்துருச்சுங்க," என்றார் சண்முகம், கையைத் துடைத்தபடி. "மன்னிச்சுட்டேனுங்க."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மோகனூர் சாலையில் பதினோரு மணிக்கு மேல் நிழலே கிடையாது, குடை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி மோகனூரில் காவிரி இருக்கிறது, நேரம் இருந்தால் காலை நனைத்துவிட்டு வாருங்கள், நான் நனைத்தேன். திரும்ப 3.40 பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்குள் சேலம். போவதற்கு முன்னால் ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள், நான் செய்யவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு உள்ளூர்க் கோவிலே போதும், நம்பிச் சொன்னால் ஒரு தடவையே போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது ஊர் ஆனது, உங்களுக்கு அந்தப் பஸ் செலவு வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். "வயித்து வலி இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு, ஏழு மணிப் பூசை. நன்மைக்கு மணி அடித்தது, பாட்டு ஆரம்பித்தது, எங்கள் பெஞ்சு எழுந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிச் செபித்தபடியே, எட்டு வருடப் பழக்கத்தில், என் முழங்காலைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினாள். அங்கே முழங்கால் இல்லை. நான் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.