வராத குப்பை வண்டி

குராமோச்சி மிசாவோவுக்கு வாய் நீளம் என்பது கவாசாகியில் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஐம்பதை நெருங்கியும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான். அந்த வாயால்தான் நிரந்தரமாகவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் முணுமுணுத்தார்கள். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்பா தட்சுஸோ இரும்பாலையில் உழைத்து, மிச்ச நேரமெல்லாம் சிகரெட் ஊதி, நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். மகள் நுரையீரல் ஆராய்ச்சிக்கு வந்ததே அவரால்தான்.

உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் தன்னுள் பழுதானதைத் தானே தின்று சுத்தம் செய்துகொள்ளும். குப்பையைக் குட்டிப் பையில் கட்டும், பிறகு செரிக்கிற இடத்துக்கு அனுப்பும். சிகரெட் புகை பட்ட நுரையீரல் செல்களை மிசாவோ படம் எடுத்தபோது, உள்ளே பைகள் மண்டிக் கிடந்தன. பேராசிரியர் நுகாகாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் செல்கள் அளவுக்கு மீறித் தங்களையே தின்கின்றன, நோய்க்குக் காரணம் இதுதான், இதை அடக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு கட்டிவிட்டார். வசந்தகால மாநாட்டில் அறிவிப்பதாக ஏற்பாடு. அதிசயமாக மிசாவோவும் தலையாட்டினாள்.

புத்தாண்டு விடுமுறையில் மாநகராட்சிக் குப்பை வண்டி வராது. ஆனால் வருடக் கடைசியில் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தவர்களுக்குக் குப்பையை உள்ளே வைத்திருக்க மனம் வருமா? தெருமுனையில் குப்பை வைக்கும் இடத்தில் மூட்டைகள் மலையாகிவிட்டன. அந்த இடத்தை வாரம் ஒரு வீட்டார் கவனிக்க வேண்டும்; அந்த வாரம் முறை மிசாவோ வீட்டுக்கு. காக்கை கிழிக்காமலிருக்க அவள் வலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சு வாங்க ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டியபடி வந்து நின்றார்.

"அடேயப்பா, எத்தன மூட்ட! நம்ம தெருவுல மாதிரி சுத்தம் வேற எங்கயும் இருக்காது போல."

"வண்டி வராததுக்குப் பேரு சுத்தமாப்பா? கட்டி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். எடுக்க ஆளில்ல."

வலை கையிலிருந்து நழுவியது.

"ஏய், காக்கா வருது பாரு!" என்றார் அப்பா.

அவளுக்குக் காக்கை தெரியவில்லை. செல்லுக்குள் பை நிறைய இருந்தால் வேலை நிறைய நடக்கிறது என்றுதான் அர்த்தமா? எடுக்கிற வழி அடைத்திருந்தாலும் பைகள் குவியுமே! அப்படியென்றால், அடைத்துக்கொண்டு திணறுகிற செல்லுக்கு இன்னும் அடைக்கிற மருந்தையே கொடுக்கப் போகிறோம். அப்பாவைப் போன்றவர்களுக்கு. நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

விடுமுறை முடிந்த முதல் கூட்டத்தில், வாழ்த்துச் சொல்லி எல்லாரும் தலை வணங்கி நிமிர்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"சார், நாம தப்பா படிச்சிட்டோம்னு நெனைக்கிறேன். பைங்க கூடுதலா உண்டாகல, எடுக்கிற வண்டிதான் வரல."

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியரை நேருக்கு நேர் மறுக்கிற வழக்கமே கிடையாது.

"செரிக்கிற எடத்த மருந்து போட்டு அடைச்சுப் பாப்போம். வண்டி ஓடிட்டு இருந்தா பைங்க இன்னும் குவியும். ஏற்கெனவே நின்னுபோயிருந்தா எந்த மாத்தமும் இருக்காது."

"குவிஞ்சா?" நுகாகாவின் முகம் சிவந்திருந்தது.

"ஏப்ரல்ல என் ஒப்பந்தத்தப் புதுப்பிக்காதீங்க."

சாதாரண செல்களில் மருந்து போட்டதும் பைகள் குவிந்தன. புகை பட்ட செல்களில் ஒன்றுமே கூடவில்லை. திரும்பச் செய்தாள், அப்படியே வந்தது. நுகாகா நுண்ணோக்கியை விட்டு வெகுநேரம் எழவில்லை. எழுந்ததும், "மாநாட்டுல நீங்களே பேசுங்க. ஆனா இது கூடத்துல வளத்த செல்லு. நெசமான நோயாளிங்க செல்லுலயும் பாத்தாகணும்" என்றார். மனிதர் தோற்றாலும் முறை தவறாதவர். மிசாவோ முதல்முறையாக அவருக்கு மனதாரத் தலை வணங்கினாள்.

வீட்டில் அப்பா சோயா மணக்கும் நூடுல்ஸை ஊதி ஊதி உறிஞ்சிக்கொண்டிருந்தார். மகள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்போ என் நெஞ்சுக்குள்ளயும் வண்டி வரலங்கிற."

"அப்படித்தான் தோணுதுப்பா."

"எப்ப வரும்?"

அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. "வழி அடைச்சிருக்குன்னுதான் தெரிஞ்சிருக்கு. தொறக்கிறதுக்கு நாளாகும். உங்களுக்கு உதவாமப் போனாலும் போகும்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்து மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நோயாளிங்க செல்லு வேணும்னாரே உங்க சாரு? எங்கப்பாகிட்டேருந்து ஆரம்பிங்கன்னு சொல்லு. இந்தக் குப்பைக்கும் மொத முறை நம்ம வீட்டோடதா இருக்கட்டுமே."