காலர் அக்காவின் பத்து மணி வகுப்பு

காலர் அக்கா என்று சொன்னால்தான் அந்தக் குடியிருப்பில் ஆளைத் தெரியும். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பதினெட்டு வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள். போன மாதம் துணிந்து வேலையை விட்டாள். துணி வெட்டுவதிலிருந்து பொத்தான் கட்டுவது வரை முழுச் சட்டையையும் இணையத்தில் சொல்லித் தருவதாக அறிவித்தாள். மளமளவென்று இருபத்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். முதல் வகுப்பு இன்று காலை பத்து மணிக்கு. முதல் நாளே ஆசிரியரைக் காணோம் என்றால் எத்தனை பேர் மறுநாள் வருவார்கள்?

மணி ஒன்பது இருபது. நேற்று வாங்கிய ரவுட்டரில் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், 'கேபிள் இணைக்கப்படவில்லை' என்று வந்தது. கேபிளோ ஒரு முனை ரவுட்டரிலும் மறுமுனை சுவர் சாக்கெட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"கண்ணு முன்னாடி இருக்குறத இல்லேன்னு சாதிக்குது பாருங்க," என்றாள் கணவனிடம்.

"அணைச்சுட்டுப் போட்டுப் பாரேன்."

"மூணு தடவை போட்டாச்சு."

செல்போன் சிக்னல் அந்த வீட்டில் பால்கனியோடு சரி. அங்கே போய் நின்று இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். நாளைக்கு ஆள் அனுப்புவதாகத் தேன் ஒழுகச் சொன்னார்கள். நாளைக்கு வந்து என்ன பிரயோஜனம்? போன வாரம் லைன் கொடுத்தவர் இதே சாக்கெட்டில் கருவியைச் செருகி, எல்லாம் சரி என்று காட்டிவிட்டுப் போயிருந்தார்.

மெஷினில் நூல் அறுந்தால் அவள் மெக்கானிக்குக்காகக் காத்திருந்ததே இல்லை. நூல்கண்டிலிருந்து ஊசி வரை, நூல் போகும் வழியை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே வருவாள். அதையே இங்கும் செய்தாள். கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கி லேப்டாப்பில் செருகினாள். ரவுட்டரில் அத்தனை நேரம் செத்துக் கிடந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ரவுட்டர் நல்லாருக்கு. கேபிளும் நல்லாருக்கு. மிச்சம் இருக்குறது சுவருதான்."

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பெயின்டர். அடுத்தவர் வீட்டில் ஒரு சுவிட்ச் விடாமல் டேப் ஒட்டி மூடிய பிறகுதான் பிரஷ்ஷையே தொடுவார். முந்தாநாள் சொந்த வீட்டில், கேமராவில் மனைவிக்குப் பின்னால் சுவர் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற உற்சாகத்தில் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தாள். சாக்கெட்டுக்குள் வரிசையாக இருந்த எட்டுச் செப்புக் கம்பிகளின் மேலும் இளமஞ்சள் பெயின்ட் ஆடையாகக் காய்ந்திருந்தது.

"நம்ம வீடுதானேன்னு டேப் ஒட்டல," என்றார் மெல்ல.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சிரிப்பும் கூடவே வந்து தொலைத்தது.

"உங்கள அப்புறம் கவனிச்சுக்கறேன். இப்ப டார்ச்ச ஆட்டாமப் பிடிங்க."

கைக்கு வந்த ஊசியை எடுத்து, கம்பி வளையாமல் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊதிவிட்டுக் கேபிளைச் செருகியபோது மணி ஒன்பது ஐம்பத்து நாலு. விளக்கு இரண்டு முறை மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது. பெயின்டர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பத்து மணிக்குத் திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இருபத்தாறு பேரும் வந்துவிட்டார்கள். "நான் தெரியுறேனா?" என்று கேட்டாள் காலர் அக்கா. எங்கிருந்தோ ஒரு பெண் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"நல்லா தெரியுறீங்க அக்கா. நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கறோம்."

பதினெட்டு வருடத்தில் சொல்லச் சொல்லி அவளை யாரும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு டேப்பைக் கையில் எடுத்தாள்.

"எழுதிக்கங்க," என்றாள்.