குதிரைகளைப் பற்றி ஒரு கூட்டம்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வாமதேவனைக் கண்டால் ஆட்கள் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார்கள். சண்டைக்காரர் அல்ல, சாது. ஆனால் வாயைத் திறந்தால் குதிரைதான். நெடுந்தீவில் மட்டக்குதிரைகளுக்குப் பின்னால் ஓடித் திரிந்தவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, ஓய்வு நாளெல்லாம் குதிரையேறிச் சண்டை பிடித்த ஆசியப் புல்வெளி நாடோடிகளின் போர்களைப் படித்தார்.

படித்ததைச் சொல்ல ஆள் வேண்டாமா? திரான்சியில் வாடகை அறையில் கூட இருப்பவர்கள் அவரைக் கண்டதும் காதில் இயர்போனை மாட்டினார்கள். ஒரு தரமாவது யாராவது தன் பேச்சை முழுக்கக் கேட்க வேண்டும் என்று அந்த மனுசனுக்கு ஆசை. 2013 மாசியில் கூட்டம் வைக்கத் தீர்மானித்து, தவரத்தினத்தின் பலசரக்குக் கடைக்கு மேலிருந்த அறையைக் கேட்டார்.

"ஓம் அண்ணை, சனிக்கிழமை வையுங்கோ. சனம் வரும்," என்றார் தவரத்தினம், கத்தரிக்காயைத் தராசில் நிறுத்தபடியே.

லா சப்பலில் சனிக்கிழமை குறிக்கிறவன், அன்றைக்கு எந்த மண்டபத்தில் யார் வீட்டு விசேஷம் என்று முதலில் விசாரிப்பான். வாமதேவன் விசாரிக்கவில்லை. சனிக்கிழமை அறைக் கதவின் திறப்பை வாங்கப் போனால், தவரத்தினம் பட்டு வேட்டியில் நிற்கிறார்.

"இண்டைக்கு என்ரை தங்கச்சியின்ரை மகள் பெரியபிள்ளை ஆனதுக்குச் சாமத்திய வீடெல்லோ. லெ பிளாங்-மெனிலிலை மண்டபம். சனம் முழுக்க அங்கைதான். உங்களுக்குக் கார்ட் தரேல்லையோ?"

"இல்லை."

"ஐயோ, மறந்துபோட்டினம் போலை."

வடையும் தேத்தண்ணியும் வாங்கியாயிற்று. பிடிவாதக்கார மனுசன், மேலே போய்க் கதிரைகளை வரிசையாகப் போட்டுக் காத்திருந்தார். கடையைப் பார்க்க விடப்பட்ட அந்தோணியம்மாள்தான் கடைசியில் பாவம் பார்த்து மேலே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை."

வாமதேவனின் முகம் மலர்ந்தது. புல்வெளியில் வீரன் ஒவ்வொருவனும் மாறி மாறி ஏறப் பல குதிரைகள் வைத்திருந்தானாம். மேற்கே புது நிலத்துக்கு வந்த இடத்தில் அத்தனைக்கும் மேய்ச்சல் போதவில்லை என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்களாம். குதிரை குறையக் குறைய, பாய்ந்தோடி அம்பெய்தவன் இறங்கி நின்று சண்டை பிடிக்கப் பழகினான், கோட்டை மதிலை இடிக்கவும் பழகினான்.

"அப்ப அந்தக் குதிரையள்?" என்று அந்தோணியம்மாள் கேட்டாள்.

அவரிடம் இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுக்கையில் அவளுடைய போன் அடித்தது.

"கடையைப் பூட்டிப்போட்டுச் சாப்பிட வரட்டாம். கார் வந்திட்டுதாம். நீங்களும் வாங்கோவன் அண்ணை."

"கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்பிடிப் பிள்ளை வாறது?"

அவள் போய்விட்டாள். ஆனாலும் வாமதேவனுக்குத் தொடங்கியதை விட மனமில்லை, மிச்சத்தைக் கதிரைகளுக்குச் சொன்னார். அந்தக் குதிரைகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னார். தமிழன் கூட்டம் நன்றியுரை இல்லாமல் முடியுமா? அதற்கும் எழுந்து நின்றார்.

"இடம் தந்த தவரத்தினத்துக்கு நன்றி. கேள்வி கேட்ட அந்தோணியம்மாளுக்கு நன்றி. இண்டைக்கு இஞ்சை வந்திருக்கிற..."

ஒரு வடையை எடுத்துக்கொண்டு போய், முன்வரிசையில் தானே உட்கார்ந்தார்.