காப்பு விலை

பனிக்குளிரில், பியர்பொன்ட்ஸ் பகுதிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, புளோரிடாவில் இருக்கும் மனைவியோடு போனில் கதைக்கிறேன். கடற்கரையோரத்து எங்கள் வீட்டுக் காப்புறுதிக் கட்டணத்தை, புயலைக் காட்டி, இந்த முறை இரட்டிப்பாக்கிவிட்டார்களாம். அழாக்குறையாகச் சொல்கிறாள். “காப்புறுதிக்கோ இவ்வளவு?” என்று கத்துகிறேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட, ‘காப்பு’க்குப் பிறகு வந்த ‘உறுதி’ அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது.

பக்கத்தில் இருக்கும் அக்கா கம்பளிக் கையுறையைக் கழற்றித் தன் தங்கக் காப்பைக் காட்டுகிறார். “ஓம் தம்பி, காப்பு இப்ப சரியான விலை. நான் அப்பவே வாங்கிப்போட்டன்.”

“நான் சொன்னது வீட்டுக் காப்புறுதி, அக்கா. புயல் வாற இடம்.”

அவர் கொஞ்சம் யோசிக்கிறார். “என்ர காப்பு விலை ஏறினா விக்கலாம். உங்கட காப்புறுதி ஏறினா ஆரிட்டை விக்கிறது? பேசாம வீட்டை வித்துப்போட்டுக் காப்பு வாங்குங்கோ.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்ன சிரிப்பு?” என்கிறாள் மனைவி, போனில்.

“இஞ்ச ஒரு அக்கா, வீட்டை வித்துப்போட்டுக் காப்பு வாங்கட்டாம்.”

அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். பிறகு மெதுவாகக் கேட்கிறாள்:

“எத்தினை பவுனில?”